உடையாத பருப்பும் ஒரு கையெழுத்தும்

ஒரு கையெழுத்து வாங்கக் கடல் தாண்டிப் போக வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். தாளை மின்னஞ்சலில் அனுப்பினால் அவர்களே போட்டு அனுப்பிவிட மாட்டார்களா என்றாள். நியாயமான கேள்விதான். அந்தக் கையெழுத்தை யாரும் தாமாகப் போட மாட்டார்கள் என்பதால்தான் என்னை அனுப்புகிறார்கள் என்று அவளிடம் சொல்லவில்லை. "பௌர்ணமி வருகிறது, அப்படியே அண்ணாமலையைச் சுற்றிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

நான் பினாங்கில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் தரப் பரிசோதகன். பிஸ்கட் கம்பெனிகளுக்கு நாங்கள் நிலக்கடலைப் பருப்பு வாங்கிக் கொடுக்கிறோம். மூன்று வருடமாகத் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் ஓர் உழவர் கம்பெனியிடமிருந்தும் வாங்கி வந்தோம். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கடலை போடும் குடும்பங்கள் சேர்ந்து, வங்கியில் கடன் வாங்கி, தகரக் கூரையில் ஒரு ஷெட் போட்டு, கடலை உடைக்கிற மெஷின் ஒன்றை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

கடைசியாக அவர்கள் அனுப்பிய ஒரு கன்டெய்னர் பருப்பு பினாங்குத் துறைமுகத்தில் நிராகரிக்கப்பட்டது. சோதனையில் பூஞ்சை நச்சு அளவுக்கு மேல் இருந்தது. பருப்பை அழித்தாயிற்று. தவறு முழுக்கத் தங்களுடையது என்றும் நஷ்டம் முழுவதையும் தாங்களே ஏற்பதாகவும் உழவர் கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தேன். மறுநாள் பௌர்ணமி. கடைக்காரர்கள் தண்ணீர் பாட்டில் கட்டுகளை வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலைச் சாலையில் இதே அமர்க்களம் இருக்கும். ஆனால் அங்கே அது வருடத்துக்கு ஒரு முறை. இங்கே மாதாமாதம். இந்த ஊர்க்காரர்கள் எப்போதுதான் காலை நீட்டி உட்காருவார்கள் என்று தெரியவில்லை.

பசிக்கு அறைக்குக் கீழே இருந்த ஒரு கஃபேயில் நுழைந்தேன். பக்கத்து மேசையில் வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ரொட்டியும் கடலை வெண்ணெயும் வந்தன. தொழில் புத்தி யாரை விட்டது? ஜாடியைத் திருப்பிப் பார்த்தேன். வெளிநாட்டுச் சரக்கு. கடலை எந்த ஊரில் விளைந்தது என்று போடவில்லை. பல நாடுகளிலிருந்து பெறப்பட்டது என்று மட்டும் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, சுற்றிலும் கடலைக் காடு இருக்க, கப்பலில் வந்த கடலையைத் தின்கிறோமே என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"இன்னா சார் பண்றது? நம்ம ஊரு மல்லாட்டைல அரைச்சு வச்சுப் பாத்தேன். ஒருத்தரும் தொடல. இதுன்னா கேக்காமலே வாங்குறாங்க" என்றார் அவர்.

நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். எங்கள் ஊரில் கச்சாங். கப்பலில் ஏறிவிட்டால் இரண்டு பெயரும் போய்விடும், வெறும் எண்தான் இருக்கும். அந்த எண்ணைப் போடுகிறவன் நான்தான். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டேன். வெளியே வந்து ஒரு தள்ளுவண்டியில் நான்கு இட்லி சாப்பிட்டேன். மல்லாட்டைச் சட்னி, காரம் தூக்கலாக. இரண்டு முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆட்டோக்காரரிடம் கீழ்பென்னாத்தூர் போக வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பௌர்ணமி அன்னிக்கு வண்டி விட மாட்டாங்க சார். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளிய நிக்குது. செஞ்சி ரோடு வரைக்கும் நடராஜா சர்வீஸ்தான்" என்றார். என் அறை ஊருக்கு ஒரு கோடி, செஞ்சி ரோடு மறு கோடி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பத்தடி போனதுமே தப்பு புரிந்தது. ஊரிலிருந்து புறப்பட்ட கூட்டம் முழுவதும் வெறுங்காலோடு என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நான் மட்டும் பூட்ஸ் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் போகிறேன். தோளில் இடிக்கிறார்கள், முறைக்கிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாள் நின்றே விட்டார். "இன்னா சார், எதிர்ல வர்றீங்க? மலைய வலப்பக்கமா வச்சிக்கினுதான் சுத்தணும். செருப்பு வேற!" நான் சாமி கும்பிட வரவில்லை, வேலையாகப் போகிறேன் என்றேன். "இன்னிக்குமா வேல?" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சுவரோரமாகவே ஒட்டி நடந்தேன்.

தற்காலிக பஸ் நிலையத்தில் பஸ் இருந்தது, டிரைவர் இல்லை. டிரைவர் வந்தபோது கண்டக்டர் இல்லை. இருவரும் சேர்ந்தபோது வண்டி நிறையவில்லை. பினாங்கில் இவ்வளவு நேரம் பஸ் நின்றால் யாராவது புகார் எழுதிப் போடுவார்கள். இங்கே வெள்ளரிக்காய் வாங்கித் தின்றார்கள். பக்கத்து இருக்கைக்காரர் நான் மலேசியா என்றதும் நெருங்கி உட்கார்ந்தார். அவருடைய மச்சான் கோலாலம்பூரில் ஏதோ ஓட்டலில் இருக்கிறாராம். "நீங்க இன்னா விஷயமா வந்தீங்க?" என்றார். மல்லாட்டை வாங்குகிற கம்பெனி என்றேன். "ஏத்துமதியா! நல்ல ரேட்டு தர்றாங்களாமே, எங்க சின்ன மாமனாரு கூட அதுலதான் போடறாரு" என்று முகம் மலர்ந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஷெட்டில் மெஷின் ஓடவில்லை. போன முறை வந்தபோது அதன் சத்தத்தில் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. இந்த முறை நான் கேட்டைத் திறந்த சத்தமே உள்ளே கேட்டது.

"வாங்க தம்பி. நடந்தேவா வந்தீங்க? மொகமெல்லாம் செவந்து போயிருக்குது" என்று ஜெயந்தி அக்கா எழுந்து வந்தார். அவர்தான் உழவர் கம்பெனியின் தலைவர். பத்தாவது வரை படித்தவர். சொந்தமாகக் கடலை போடுகிறார், ஊர் ஊராகப் போய்ப் பேசி எல்லோரையும் சேர்த்து இந்த ஷெட்டைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவர் பின்னால் ஷெரீப் பாய். திருவண்ணாமலை டவுனில் அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எண்ணெய்ச் செக்கும் உடைக்கிற மெஷினும் ரிப்பேர் பார்க்கிறது. இந்த ஷெட்டின் மெஷினை ஓட்டுவது அவர் பொறுப்பு. இருவரும் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மோர் கொடுத்தார்கள்.

இங்கே போன முறை நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

பிஸ்கட் கம்பெனிக்கு முழுப் பருப்பு வேண்டும். பாதியாக உடைந்த பருப்பு ஓர் அளவுக்கு மேல் இருந்தால் தரம் குறைந்துவிடும். காய்ந்த கடலையை மெஷினில் போட்டால் தோலோடு சேர்ந்து பருப்பும் உடையும். அன்று நான் ஒரு கை பருப்பை அள்ளிப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். உடைசல் ஜாஸ்தி, இதை எடுக்க மாட்டார்கள் என்றேன். அதற்கு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருந்தது. உடைப்பதற்கு முன் கடலை மேல் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டுக் கொஞ்ச நேரம் மூடி வைப்பார்கள். தோல் இளகிவிடும், பருப்பு முழுசாக வரும். உள்ளூரில் அந்தப் பருப்பு ஒரு வாரத்துக்குள் செக்குக்கோ வறுகடலைக்காரருக்கோ போய்விடும். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

கப்பல் சரக்குக்கும் அப்படியே தெளித்தார்கள். பருப்பு முத்து மாதிரி வந்தது. "ஆனா தெளிச்சது ரெண்டு வெயிலாச்சும் காயணும் சார். மானம் மூடிக்கினு இருக்குது பாருங்க" என்றார் ஷெரீப் பாய். நான் கப்பல் தேதியைப் பார்த்தேன். "கப்பல் நமக்காக நிற்காது பாய். ஒரு வெயில் போதும், மூட்டை கட்டுங்க" என்றேன். மேலே இருந்த சில மூட்டைகளில் ஈரமானியைச் செருகிப் பார்த்துச் சரி என்று எழுதினேன். பிறகு மேனேஜருக்குக் காட்டுவதற்காகப் போனில் வீடியோவும் எடுத்தேன். பெண்கள் தண்ணீர் தெளிக்கிறார்கள், சாக்கைப் போர்த்துகிறார்கள், பருப்பு கொட்டுகிறது. பின்னாலிருந்து என் குரல்: "சூப்பர் அக்கா, எல்லா மூட்டையும் இப்படியே பண்ணிடுங்க. வெயிலுக்கெல்லாம் காத்திருக்க வேணாம்."

மாதிரி எடுத்து இரண்டு பைகளில் அடைத்து முத்திரை வைத்தேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று பிஸ்கட் கம்பெனிக்கு. "எங்களுக்கு ஒரு பை வேணாமா தம்பி?" என்று ஜெயந்தி அக்கா கேட்டார். "ஒப்பந்தத்தில் இல்லை அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் காத்திருந்தது, கடலில் போனது, பினாங்கில் இறக்கக் காத்திருந்தது என்று அடைத்த கன்டெய்னருக்குள் பருப்பு வாரக்கணக்கில் புழுங்கியது. பூஞ்சை வராமல் என்ன செய்யும்?

நச்சு கலந்த பருப்பை அழித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என் பிள்ளையும் அதே பிஸ்கட்டைத்தான் தின்கிறான். ஜெயந்தி அக்காவுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

"நாங்க தப்பே பண்ணலன்னு சொல்லல தம்பி. தண்ணி தெளிச்சது நாங்கதான், மூட்ட கட்னதும் நாங்கதான். ஆனா காயறதுக்குள்ள கட்டச் சொன்னது யாரு? அத ஒரே ஒரு வரி எழுதிடுங்க. பாதி நஷ்டத்த உங்க ஆளுங்க ஏத்துக்கிட்டா மீதிய நாங்க எப்படியாச்சும் சமாளிச்சுக்குவோம். முழுசும் எங்க தலைலயே விழுந்தா பேங்க்காரங்க இந்த ஷெட்ட எடுத்துப்பாங்க. அவ்ளோதான், கம்பெனிய மூடிட்டுப் போவ வேண்டிதுதான்" என்றார். பிறகு, "வீடியோகூட எடுத்தீங்களே, இருக்குதா?" என்றார்.

இருக்கிறது என்றேன். மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன்.

ஷெரீப் பாய் வீட்டிலிருந்து பிரியாணி கொண்டு வந்திருந்தார். சீரக சம்பா, கூடவே புளிப்பாகக் கத்திரிக்காய். எங்கள் ஊர் நாசி கண்டாரில் ஏழெட்டுக் குழம்பை ஒன்றாக ஊற்றித் திக்குமுக்காட வைப்பார்கள். இது அமரிக்கையான சாப்பாடு. வெட்கம் கெட்டுப்போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, கம்மியா சாப்பிடறீங்க" என்று வேறு சொன்னார்கள்.

அன்று மாலை அறைக்குத் திரும்பியதும் மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சீனர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், என் கல்யாணத்துக்கு வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். "நம் ஆள்தான் அனுமதித்தான் என்று தெரிந்தால் பிஸ்கட் கம்பெனி நம் கழுத்தைப் பிடிக்கும். அவர்களுக்குப் பின்னால் சூப்பர் மார்க்கெட்காரன் நிற்கிறான். எனக்கு வேறு வழி இருக்காது, உன்னை வெளியே அனுப்பத்தான் வேண்டும். அந்த வீடியோவை அழித்துவிடு. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வா." பிறகு, "எனக்கும் இரண்டு பிள்ளைகள் காலேஜில் இருக்கிறார்கள்" என்றார்.

வீடியோவை அழிக்கவில்லை. அழிக்காமல் இருப்பதே பெரிய வீரம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஷெரீப் பாய் மொபெட்டில் வந்து நின்றார். "சும்மாதான இருக்கீங்க, வாங்க சார், கமிட்டிய காட்றேன்" என்றார். கமிட்டி என்பது இங்கே அரசு நடத்துகிற விற்பனைக் கூடம். பாதி வழியில் மொபெட் சங்கிலி கழன்றது. ஊர் மெஷினையெல்லாம் சரிபார்க்கிறவர் தன் வண்டிக்கு எண்ணெய் விட மறந்திருக்கிறார். இருவரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போனோம்.

கமிட்டியில் கடலை அம்பாரம் அம்பாரமாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு வியாபாரி ஒரு குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, தோலை நெரித்து, பருப்பை வாயில் போட்டார். "ஈரம் இருக்குது" என்றார். கடலைக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "மேல எடுத்தா அப்டிதான் இருக்கும், ராத்திரி பனி. நடுவுல எடு" என்று தானே கையைவிட்டு அள்ளிக் கொடுத்தார். வார்த்தை தடித்தது. உடனே அடுத்த குவியலில் நின்ற வேறொரு வியாபாரியைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு பேர் முன்னாலும் மூன்று இடத்தில் எடுத்து உடைத்துப் பார்த்து, "லேசா இருக்குது, ஒரு வெயில் போட்டாப் போதும்" என்றார். அத்தோடு முடிந்தது.

"இங்கயும் ஏமாத்துவாங்க சார், இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் ஷெரீப் பாய். "ஆனா எடுத்துப் பாக்கறப்ப ரெண்டு பேரும் நிக்கணும். அதான் பழக்கம். உங்க பேப்பர்ல அந்த மாதிரி ஏதாச்சும் வரி இருக்குதா?"

இல்லை. ஒப்பந்தத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். மாதிரி எடுப்பது வாங்குகிறவன். சோதிப்பது வாங்குகிறவன் சொல்கிற கூடம். மறுசோதனை கிடையாது. நாங்கள் வாயால் சொன்ன எதுவும் செல்லாது, எழுத்தில் இருப்பது மட்டுமே செல்லும். எழுதுகிறவர்களும் நாங்களே. தகராறு என்றால் லண்டனில் போய்த்தான் பேச வேண்டும். விற்றவர் கீழ்பென்னாத்தூர், வாங்கியவன் பினாங்கு, லண்டன் எங்கிருந்து முளைத்தது என்று நான்கூட ஒருநாளும் கேட்டதில்லை. அச்சடித்த படிவத்தில் அப்படித்தான் இருந்தது.

சூப்பர் மார்க்கெட் பிஸ்கட் கம்பெனியை நெருக்குகிறது. பிஸ்கட் கம்பெனி எங்களை நெருக்குகிறது. நாங்கள் ஜெயந்தி அக்காவை நெருக்குகிறோம். ஒவ்வொருவரும் நஷ்டத்தைக் கீழே தள்ளிவிடலாம், ஏனென்றால் ஒவ்வொருவர் கையிலும் தனக்கு வசதியான தாள் ஒன்று இருக்கிறது. ஜெயந்தி அக்காவுக்குக் கீழே யாரும் இல்லை. விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இன்னும் கறாராகவே இருக்கட்டும். விற்கிறவரிடமும் ஒரு மாதிரிப் பை இருக்கட்டும். வாங்குகிறவன் கட்டளையிட்டால் அதையும் எழுதி வைக்கட்டும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் ஒருவர், பஸ் போகிற தூரத்தில் இருக்கட்டும். கமிட்டியில் எழுத்து வாசனை இல்லாதவர்கள்கூட வகுத்துக்கொண்ட ஒழுங்கு, பெரிய பெரிய வக்கீல்கள் எழுதிய ஒப்பந்தத்தில் ஏன் இல்லை? கேட்டால் உலக வர்த்தகத்தில் எல்லோரும் சமம் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கோபத்தில் ஷெரீப் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீடியோவை அழிக்கச் சொன்னது, வெளியே விட்டால் என் வேலை போய்விடும் என்பது எல்லாம். அவர் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ வாங்கிக் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல், மனைவிக்குச் சொன்ன வாக்குக்காக மலையைச் சுற்றினேன். இந்தத் தடவை செருப்பு இல்லாமல், சரியான திசையில். பௌர்ணமிக் கூட்டம் வடிந்து, பாதை முழுக்க நசுங்கிய கப்புகள். அடி அண்ணாமலையில் கால் கொப்பளித்து ஒரு பெட்டிக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மாளிடம் மோர் கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியில் சாக்கு சுற்றி வைத்திருந்த பானையிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். பளபளவென்று ஒரு பிரிட்ஜ் பக்கத்திலேயே இருக்கிறதே என்றேன்.

"அது கூல்டிரிங்ஸ் கம்பெனிக்காரன் குடுத்தது. அவன் பாட்டில் மட்டும்தான் அதுல வெக்கணுமாம். மோர் வெச்சேன்னு வந்து சத்தம் போட்டுட்டுப் போனான். கரண்ட் பில்லு மட்டும் நான் கட்டணும்!" என்று சிரித்தார்.

"திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?"

"குடுத்துட்டா பாட்டில் தர மாட்டான். பௌர்ணமிக்கு பாட்டில் இல்லன்னா எவன் நிப்பான் நம்ம கடைல?"

மோர் நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டது. அதைக் குடித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். நாளைக்கு முதல் வேலையாக வீடியோவை ஜெயந்தி அக்காவின் போனுக்கு அனுப்பிவிடுவது. வேலை போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்காமலா போகும்? மீதி மலையை இலேசான மனத்தோடு சுற்றினேன். என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் இருந்தது அந்தச் சில மணி நேரம்தான்.

நான்காம் நாள். அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். எழுதுவதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. ஷெட் கைமாறிவிட்டது, யாரோ சிமெண்ட் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று போன மாதம் ஷெரீப் பாய் போனில் சொன்னார். எங்கள் நிறுவனம் இப்போது வேறொரு நாட்டில் கடலை வாங்குகிறது. மாதிரி எடுக்க நான்தான் போகிறேன்.

அன்று பஸ் நேரத்துக்குப் புறப்பட்டது, உட்கார இடமும் கிடைத்தது. போனை வெளியே எடுத்து வீடியோவைத் தேடி வைத்துக்கொண்டேன். முதலில் வீடியோ, பிறகு தாள் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

ஷெட்டில் ஜெயந்தி அக்காவும் ஷெரீப் பாயும் இருந்தார்கள். பருப்பு பொறுக்குகிற பெண்கள் ஐந்தாறு பேர் வேலை இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயந்தி அக்கா, "தாள எடுங்க தம்பி. இங்கிலீஷ்ல இருக்கும், எல்லாருக்கும் தமிழ்ல படிச்சிக் காட்டிடுங்க" என்றார்.

படித்தேன். எங்கள் கவனக்குறைவால் ஏற்பட்ட குறை என்று நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். வாங்குபவர் தரப்பில் எந்தத் தவறும் இல்லை என்று உறுதி கூறுகிறோம். நஷ்டம் முழுவதையும் ஏற்கிறோம். எங்கள், நாங்கள் என்று அவர்களுக்காக நான் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

"இவுரு அன்னிக்கு இங்க நின்னுக்கினு சொன்னது எதுவுமே இதுல இல்லியே?" என்றார் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்.

"சும்மா இரு சரோஜா" என்றார் ஜெயந்தி அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாய் எல்லாம் சொன்னாரு தம்பி. அந்த வீடியோ வெளிய வந்தா உங்க வேல போயிடுமாமே. நேத்து சாயங்காலம் எல்லாரும் உக்காந்து பேசினோம். லண்டன்ல போய்ப் பேச எங்களால ஆவுமா? அந்த வீடியோவ வச்சிக்கினு போராடினாலும் ஷெட்டு நிக்கும்னு ஒண்ணும் உறுதி கெடையாது. உங்க வேல போறது மட்டும் உறுதி. உங்களுக்கும் புள்ள இருக்குது. எங்களாலதான் முடியல, உங்க பொழப்பையும் எதுக்குக் கெடுக்கணும்? அதப் பத்தி நாங்க எங்கயும் பேச மாட்டோம். நீங்க பயப்படாம போங்க."

ஷெரீப் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா என்ற அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

எனக்கு அப்போது வந்தது வெட்கம் இல்லை. அதெல்லாம் விமானத்தில் வந்தது. அந்த நிமிடம் வந்தது நிம்மதி. பெரிய நிம்மதி. வேலை இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

ஜெயந்தி அக்கா தாளை மேசை மேல் வைத்து நேராக்கி, எங்கே போட வேண்டும் என்று கேட்டார். என் இடது கையில் போன் இருந்தது. வீடியோ திறந்தே இருந்தது, அவர் எண்ணும் மேலே தயாராக இருந்தது. அவர் கேட்டால்தான் அனுப்ப வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. ஒரு விரல் பட்டால் போதும்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவருக்குப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.